உங்களுக்குத் தெரியுமா? வெள்ளையிலும் வேறு வேறு வெள்ளை!

★ 2016-ஆம் ஆண்டின் நிறமாக அமெரிக்காவின் இரண்டு பெரிய பெயின்ட் கம்பெனிகள் அறிவித்தது எதைத் தெரியுமா? வெள்ளையை! ஷெர்வின்-வில்லியம்ஸ் 'அலபாஸ்டர்' என்றது. பெஞ்சமின் மூர் 'சிம்ப்ளி ஒயிட்' என்றது.

★ இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தால், ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவைப் பாருங்கள். சுத்தக் கறுப்புக்கு 0, சுத்த வெள்ளைக்கு 100. அலபாஸ்டருக்கு 82, சிம்ப்ளி ஒயிட்டுக்குக் கிட்டத்தட்ட 90. ஜன்னல் சின்னதாக உள்ள அறையில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

★ அலபாஸ்டரில் பாலாடைச் சாயல். சிம்ப்ளி ஒயிட்டில் லேசான மஞ்சள். ஷேடு கார்டில் இதெல்லாம் பிடிபடாது. ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்தால், ஒளிந்திருக்கும் சாயல் உடனே வெளியே வந்துவிடும். நம் ஊர்க் கடையில் ஐவரி, ஆஃப் ஒயிட் என்று குழம்பி நிற்பவர்களுக்கும் இதே வழிதான்.

★ கடையின் டியூப் லைட்டில் பார்த்து முடிவு செய்யவே செய்யாதீர்கள். 6,500 கெல்வின் எல்இடி நீலம் கலந்த வெளிச்சம் தரும். அதில் ஐவரி வெளிறிப்போகும். 2,700 கெல்வின் பல்பைப் போட்டால் அதே சுவர் வெண்ணெய் நிறமாகிவிடும். தரையும் சும்மா இருக்காது. சிவப்பு ஆக்சைடு தரை போட்ட பழைய வீடுகளில், வெயில் உள்ளே விழும் நேரம் சுவரின் அடிப்பாகத்தைக் கவனியுங்கள்: ரோஸ் நிறம் ஏறியிருக்கும். அந்த வீட்டுக்கு எந்த வெள்ளை வாங்கினாலும் பாதி முடிவு தரையுடையது!

★ சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து வெள்ளையடிப்பது வெறும் பழக்கம் அல்ல. நீலம் மஞ்சளை அடக்கும். சுவர் 'பளிச்' என்று தெரியும். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுவதும் இதே கணக்கில்தான்.

★ சுண்ணாம்பு அடித்த கையோடு 'என்னப்பா, சுவரே தெரியுதே' என்று பெயின்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஈரத்தில் அது கண்ணாடி மாதிரி இருக்கும். காயக் காயத்தான் வெளுக்கும். எமல்ஷன் நேர் எதிர். ஈரத்தில் பால் போல வெளுப்பாக இருந்து, காய்ந்ததும் ஒரு பிடி அழுத்தமாகத் தெரியும். ஆகவே எது என்று குழப்பும் இரண்டு ஷேடையும் சுவரில் அருகருகே இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு பகலில் ஒருமுறை, விளக்குப் போட்டு ஒருமுறை பாருங்கள்.

★ கதவுக்கு அடித்த வெள்ளை எனாமல், வெளிச்சம் படாத இடத்தில்தான் அதிகம் மஞ்சளிக்கும். அதில் மாட்டியிருக்கும் காலண்டரைக் கழற்றிப் பாருங்கள்!