பழைய போர்ஷே 911 காரின் முன்பக்கம் திடீரெனத் தாழ்தல்

போர்ஷே 911 ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைச் சேர்ந்த புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். 1963-இல் பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1964-இல் உற்பத்திக்கு வந்தது. இதன் பழைய மாடல்களில் சில வேளைகளில் விந்தையான ஒரு பழுது நேர்வதுண்டு. நல்ல நிலையில் நிறுத்தி வைத்த கார், மறுநாள் பார்க்கும்போது ஒரு முன்மூலை மட்டும் தாழ்ந்து, மட்கார்டு டயரின் மேல் கவிந்தபடி நிற்கும். ஓடும்போது நேர்ந்தால் பெரும்பாலும் 'டமார்' என்ற ஓசை கேட்கும். காரணத்தைக் கண்டறிய, காரின் பாரத்தை எந்தப் பாகம் தாங்குகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பாரத்தைத் தாங்கும் பாகம்

இன்றைய கார்கள் பலவற்றில் முன்சக்கரத்தின் மேல் சுருள்வில் இருக்கும். 1989 வரையிலான பழைய வடிவ 911-இல் அது கிடையாது. அதற்குப் பதிலாக டார்ஷன் பார் எனப்படும் முறுக்குத் தண்டு உள்ளது. ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்த எஃகுத் தண்டு, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கரத்தின் குழாய்க்குள் காரின் நீளவாக்கில் படுத்திருக்கும். அதன் ஒரு நுனி கரத்தோடும், மறுநுனி ஒரு சிறு நெம்புகோலோடும் பற்களால் பிணைக்கப்பட்டிருக்கும். நெம்புகோலின் மறுமுனையில் உள்ள திருகு, காரின் குறுக்குச் சட்டத்தில் ஊன்றி நிற்கும். சக்கரம் மேலெழும்போது கரம் தண்டை முறுக்குகிறது. தண்டு பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது. பிழிந்த ஈரத்துணியை விட்டவுடன் அது சற்றே அவிழ்வதைப் போன்றது இது. அந்தத் திரும்பும் விசையே காரைத் தூக்கி நிறுத்துகிறது.

ஷாக் அப்சார்பரின் வேலை குலுக்கலை அடக்குவது. காரைத் தாங்குவது அன்று. கார் தாழ்ந்தவுடன் அதைத்தான் பலர் முதலில் சந்தேகிக்கிறார்கள். அதை மாற்றினால் பணம் போகும், கார் எழாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 1969 முதல் 1971 வரையிலான 911 ஈ மாடலில் போகே நிறுவனத்தின் வாயுவும் எண்ணெயும் அடங்கிய தாங்கிகள் பொருத்தப்பட்டன. அவற்றில் முன்பக்கம் முறுக்குத் தண்டே இல்லை. பாரத்தையும் அந்தத் தாங்கிகளே சுமந்தன. ஆகவே மாடல் எது என்று பாராமல் பழுதைத் தேடுவது வீண்.

தேடும் முறை

முதலில் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இதை மறப்பவர்கள் உண்டு. சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் மையமும் தண்டின் மையமும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று இருபுறமும் அளந்தால் தாழ்வு தெளிவாகும். சக்கரம் சாய்ந்தும் நின்றால், கரத்தின் நுனியிலுள்ள பால் ஜாயின்ட் கழன்றிருக்கக்கூடும். அந்நிலையில் காரை ஓட்டவே கூடாது.

அடுத்து காரை உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. ஸ்டெபிலைசர் பாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு, சிறு ஜாக்கியால் கீழ்க் கரத்தை மெல்ல உயர்த்தினால், நல்ல தண்டு வலுவாக எதிர்க்கும். நெம்புகோல் திருகை இறுக அழுத்தும். தண்டு முறிந்திருந்தால் கரம் எளிதாக எழும். நெம்புகோல் கையால் அசைத்தாலே ஆடும். தண்டு முழுதாக இருந்தும் கார் தாழ்ந்திருந்தால், திருகின் மரை தேய்ந்ததா, பற்கள் வழுக்கினவா என்று பார்க்கலாம்.

இவற்றைவிடக் கவலை தருவது துரு. கரத்தின் முன்நுனி பெட்ரோல் தொட்டிக்குக் கீழுள்ள உடல் தகட்டில் பொருத்தப்பட்டிருக்கிறது. 1970களின் நடுவில் துத்தநாகம் பூசிய தகடுகள் முழுமையாக வரும்வரை, இப்பகுதி எளிதில் அரிக்கப்பட்டது. தகடே கிழிந்திருந்தால் புதுத் தண்டு போட்டுப் பயனில்லை; அரித்த தகட்டை வெட்டிப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும்.

தண்டு முறிவதேன்?

முறுக்கு விசை தண்டின் புறப்பரப்பில்தான் மிகுதி, நடுவில் இல்லை. எனவே மேற்பூச்சில் விழும் சிறு கீறலும் பெரிய கேடு. கீறல் வழியே ஈரம் புகுந்து துருக்குழி உண்டாகும். ஆயிரக்கணக்கான முறுக்கல்களில் அக்குழி விரிசலாகும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பதை ஒத்தது இது. விரிசல் ஓர் எல்லையைக் கடந்ததும், கார் நின்றுகொண்டிருந்தாலும் தண்டு முறியலாம்.

இடத் தண்டும் வலத் தண்டும் ஒன்றல்ல. தொழிற்சாலையிலேயே ஒரு திசையில் முறுக்கிப் பதப்படுத்தப்படுவதால் அவற்றில் இடம், வலம் எனக் குறி இருக்கும். மாற்றிப் பொருத்தினால் ஆயுள் குறையும். புதிய தண்டின் மேற்பூச்சைக் கீறாமல், கிரீஸ் தடவிப் பொருத்த வேண்டும். பின் சிறிது தூரம் ஓட்டிக் காரை அமரவிட்டு, இருபுற உயரத்தையும் திருகால் சமப்படுத்தி, அதன் பிறகே சக்கரங்களின் அலைன்மென்ட் பார்க்கப்படுகிறது.