உலையடியில் ஓர் ஆய்வுகூடம்

தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டுகிறவரின் கையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும், கத்தி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கிவிடும். பெருவிரல் பருமனான கிளையில் கத்தி ஒரே வீச்சில் சரிவாக இறங்கி மறுபக்கம் வந்துவிட வேண்டும். வெட்டு வழவழவென்று இருந்தால் பட்டை வளர்ந்து காயத்தை மூடிக்கொள்ளும். சரிவாக இருந்தால் மழைத்தண்ணீர் அதன் மேல் தங்காது. மழுங்கிய கத்தியால் வெட்டினால் கிளை பிளக்கும், பட்டை உரியும். அந்தப் பிளவில் ஈரம் தங்கி, பூஞ்சணம் புகுந்து, மரம் உள்ளுக்குள்ளேயே உக்கத் தொடங்கும். உயர்நிலத் தோட்டங்களில் ஒரு செடிக்குக் கவ்வாத்து வருவது நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். அன்று விழுந்த வெட்டு நல்லதா கெட்டதா என்பதை அடுத்த கவ்வாத்து வரைக்கும் கொழுந்துக் கூடையின் நிறை சொல்லிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கத்தியிடம் நாம் கேட்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு குணங்கள். நாள் முழுக்க மரத்தை வெட்டியும் கூர் மழுங்கக் கூடாது. அதற்கு அலகு கடினமாக இருக்க வேண்டும். ஆயிரம் முறை ஓங்கி வெட்டினாலும் முறியக் கூடாது. அதற்கு அது வளைந்து கொடுக்க வேண்டும். கடினமான பொருள் பொதுவாக உடையும். வளையும் பொருள் பொதுவாக மழுங்கும். இரண்டையும் ஒரே இரும்புத் துண்டில் சேர்த்துவைப்பதுதான் கொல்லனின் வித்தை. அது முழுக்க முழுக்க விஞ்ஞானம்.

அந்த விஞ்ஞானத்தைத் தம் கையாலேயே செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இன்று பல நாடுகளில் வார இறுதிகளில் கூடுகிறார்கள். 'ஹாமர்-இன்' என்ற பெயரில், முகாம் மைதானங்களிலும் பண்ணைகளிலும் நடக்கும் சந்திப்புகள் இவை. வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கத்தி அடிக்கிறவர்களே பெரும்பாலும் வருவார்கள். கையோடு கொண்டுவந்த சிறு உலைகளை மூட்டி, தெரிந்தவர் அடித்துக் காட்ட, தெரியாதவர் சம்மட்டி பிடித்துப் பழகுவார். அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய கத்திக் கொல்லர் சங்கம் இந்தக் கலைக்கு ஒரு பரீட்சையே வைத்திருக்கிறது. தான் அடித்த கத்தியால், தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். பிறகு தடித்த மரச் சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பின்னும் அதே அலகு கை உரோமத்தை வழிக்க வேண்டும். கடைசியாக, கத்தியை இடுக்கியில் இறுக்கி 90 பாகை வளைத்தால் முறியக் கூடாது. நம் கவ்வாத்துக் கத்தியிடம் எதிர்பார்க்கும் அதே இரண்டு குணங்களைத்தான் அந்தப் பரீட்சையும் அளக்கிறது.

எல்லா இரும்பும் கத்தியாகாது

இரும்பைக் கத்தியாக்குவது அதில் கலந்திருக்கும் காபன். கொங்கிரீட் கம்பியில் காபன் ஏறத்தாழ 0.2 சதவீதம். அதை எவ்வளவு பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் நல்ல கூர் நிற்காது. லொறியின் வில்லுத் தகட்டில் காபன் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கூடவே கொஞ்சம் குரோமியமோ சிலிக்கனோ இருக்கும். நம் ஊர்க் கம்மாலைகளில் கழித்துப்போட்ட லொறி வில்லுக்கு அவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

எது எந்த இரும்பு என்று தெரிந்துகொள்ளச் சாணைக்கல்லே போதும். காபன் குறைந்த இரும்பைச் சாணையில் பிடித்தால் பொறிகள் நீண்ட கோடுகளாகப் பறக்கும். காபன் கூடக் கூட அந்தக் கோடுகள் நுனியில் வெடித்துக் கிளை கிளையாகப் பிரியும். இரும்புத் துகள் காற்றில் எரியும்போது அதிலுள்ள காபன் ஒட்சிசனோடு சேர்ந்து வாயுவாகி வெடிப்பதே அந்தக் கிளைப்பு. ஆய்வுகூடக் கருவி இல்லாமல், கண்ணால் செய்யும் இரசாயனப் பகுப்பாய்வு இது.

சிவப்புக்குள் நடப்பது

சாதாரண வெப்பநிலையில் இரும்பு அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதத்தில் காபனுக்கு இடம் மிகக் குறைவு. 727 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறும்போது அந்த அடுக்கு மாறத் தொடங்குகிறது. புதிய அடுக்கில் காபன் அணுக்கள் தாராளமாக உள்ளே வர முடியும். ஹட்டன் பஸ்ஸின் கதவு திறந்ததும் சனம் ஏறுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தியை மெதுவாக ஆறவிட்டால், ஏறியவர்கள் நிதானமாக இறங்கிவிடுவார்கள். இரும்பு பழையபடி மென்மையாகிவிடும். சட்டென்று குளிரவைத்தால் கதவு மூடிக்கொள்கிறது. இறங்க வழியில்லாமல் காபன் உள்ளேயே மாட்டிக்கொண்டு அடுக்கை நெரிக்கிறது. நெரிபட்ட அந்த அமைப்புக்கு, ஜேர்மானிய உலோகவியலாளர் அடோல்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக மார்ட்டென்சைட் என்று பெயர். அரத்தால் இழுத்தாலும் கீறல் விழாத கடினம் அதனுடையது.

எந்தச் சூட்டில் தோய்க்க வேண்டும் என்பதற்கு ஆசாரியின் கண் ஓர் அளவுகோல். பகல் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும் என்பதால் உலையடி எப்போதும் நிழலாக இருக்கும். இன்னொரு அளவுகோல் காந்தம். 770 பாகையில் இரும்பு தன் காந்தத் தன்மையை இழக்கிறது. பழுத்த கத்தியைக் காந்தத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால், அது ஒட்டாமல் போகும் கணத்தில் கொல்லனுக்குப் பதில் கிடைத்துவிடும்: இன்னும் சிறிது சூடு, பிறகு தோய்ச்சல்.

நிறம் ஓடும் நேரம்

தோய்த்தெடுத்த கத்தி அப்படியே பயன்படாது. கடினம் உச்சத்தில் இருக்கும். கல்லில் விழுந்தால் துண்டாகிவிடும். அந்த முறுக்கைக் கொஞ்சம் தளர்த்தவேண்டும். பழைய ஆசாரிமார் இதைச் செய்யும் விதம் பார்க்கத் தெவிட்டாதது.

பழுத்த கத்தியின் கூர்ப்பக்கத்தை மட்டும் தோய்ப்பார்கள். முதுகில் சூடு மிச்சமிருக்கும். உடனே கல்லால் தேய்த்து, கரிப்படலத்தை நீக்கி, இரும்பின் வெண்மையை வெளியே கொண்டுவருவார்கள். முதுகின் சூடு மெல்ல மெல்லக் கூருக்கு இறங்கும்போது அந்த வெள்ளை இரும்பில் நிறங்கள் ஊர்ந்துவரும். முதலில் வைக்கோல் மஞ்சள், ஏறத்தாழ 220 பாகை. அதன் பின்னால் பழுப்பு, 255 பாகையை ஒட்டி. பிறகு ஊதா, 280. கடைசியில் நீலம், 300. இவை சாயம் அல்ல; இரும்பின் மேல் படரும் ஒட்சைட்டுப் படலத்தின் தடிப்பு கூடக் கூட, அதில் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் காட்டும் நிறங்கள். மழைநாளில் தெருவில் சிந்திய எண்ணெய்யில் தெரியும் வானவில்லும் இதே பௌதிகம்தான்.

சவரக் கத்திக்கு மஞ்சளிலேயே நிறுத்துவார்கள். மரம் வெட்டும் கத்திக்குப் பழுப்போ ஊதாவோ கூர்முனையைத் தொடும்வரை காத்திருந்து, அந்தக் கணத்தில் முழுக் கத்தியையும் நீரில் விடுவார்கள். ஒரு மூச்சு பிந்தினால் நீலம் வந்துவிடும், கூர் நிற்காது. முடிவில் கூர் கடினமாகவும் முதுகு வளைந்து கொடுப்பதாகவும் ஒரே அலகு அமைந்துவிடுகிறது. முரணான இரண்டு குணங்களும் ஒரு விரற்கடை அகலத்துக்குள் சேர்ந்துவிட்டன.

மலை கேட்கும் மாற்றங்கள்

கொழும்பில் சரியாக வரும் கணக்கு நுவரெலியாவில் அப்படியே வராது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் காற்றமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதே அளவு காற்றை ஊதினாலும் கரிக்குக் கிடைக்கும் ஒட்சிசன் குறைவு. ஆகவே துருத்தியோ ஊதுவிசிறியோ கூடுதலாக வேலை செய்ய வேண்டும்.

தோய்ச்சலிலும் மலைக்கு ஒரு பங்கு உண்டு. பழுத்த கத்தி தண்ணீரில் இறங்கியதும் அதைச் சுற்றி ஓர் ஆவிப் போர்வை உருவாகும். போர்வை இருக்கும்வரை சூடு மெதுவாகவே வெளியேறும். இடையில் ஓரிடத்தில் போர்வை கிழிந்து மறு இடத்தில் கிழியாமல் நின்றால் கத்தி கோணும், சில நேரம் டிக்கென்ற சத்தத்தோடு வெடித்தும் போகும். அதனால்தான் ஆசாரிமார் கத்தியை நீருக்குள் முன்னும் பின்னும் அசைக்கிறார்கள். சிலர் தண்ணீரில் உப்புப் போடுகிறார்கள். குளிர்ந்த நீரில் இந்தப் போர்வை சீக்கிரம் கிழிந்து, குளிர்ச்சி வேகமாக நடக்கும். நுவரெலியாவின் விடியற்காலைத் தண்ணீர் லொறி வில்லுக்குக் கொஞ்சமும் ஏற்றதல்ல. குரோமியம் கலந்த அந்த உருக்குக்கு எண்ணெய்யே பாதுகாப்பு. தேங்காய் எண்ணெய் என்றால் அது 24 பாகையை ஒட்டி உறைந்துவிடும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ 16 பாகையளவில். அடுப்பில் 50, 60 பாகைக்குச் சூடாக்கி, நன்றாக இளகிய பிறகே கத்தியை இறக்க வேண்டும்.

ஒரு லாடக்காரர் திறந்த கதவு

பொழுதுபோக்குக் கொல்லர்களால் விஞ்ஞானத்துக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு அல் பென்ட்ரேயின் கதையைச் சொல்லலாம். அமெரிக்காவின் புளோரிடாவில் குதிரைகளுக்கு லாடம் அடித்து வாழ்ந்தவர் அவர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண்மூசையில் உருக்கி எடுத்த பழைய உருக்கில், தண்ணீர் ஓடியது போன்ற வரிகள் எப்படி வந்தன என்ற கேள்வி அவரை விடவில்லை. அதே கேள்வி, கொல்லனின் மகனாகப் பிறந்து பெரும் விஞ்ஞானியான மைக்கேல் ஃபரடேயையும் 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் உட்காரவிடாமல் செய்திருந்தது. விடை அவருக்கு எட்டவில்லை.

பென்ட்ரே தன் பட்டறையில் மூசை வைத்து உருக்கி அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அயோவா மாநிலப் பல்கலைக்கழக உலோகவியலாளர் ஜோன் வேர்ஹோவன் அவருடன் சேர்ந்தார். ஒருவரின் சம்மட்டியும் மற்றவரின் நுணுக்குக்காட்டியும் சேர்ந்து 1990களில் கண்டதை இப்படிச் சுருக்கலாம்: தாதுவில் இயல்பாகவே இருக்கும் மிகச் சிறு அளவு வனேடியம் போன்ற மூலகங்கள், உருக்கு உறையும்போது வரிசை வரிசையாக ஒதுங்குகின்றன, மீண்டும் மீண்டும் சூடாக்கி அடிக்கும்போது அந்த வரிசைகளில் கடினமான காபைட்டுத் துணிக்கைகள் கூடி, கண்ணுக்குத் தெரியும் வரிகளாகின்றன. ஆய்வாளர் தனியாகவோ கொல்லர் தனியாகவோ இதைக் கண்டிருக்க முடியாது.

சமனலவெவக் காற்று

இந்த அறிவில் நம் மலைகளுக்குப் பூர்வீகப் பங்கு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதியபோது சரந்தீப், அதாவது இலங்கை உருக்கையும் குறிப்பிட்டார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் பணிப்பாளராக இருந்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பக்கத்தில் இரும்பு உருக்கிய கடைசித் தலைமுறையின் வேலையைக் கண்டு பதிவு செய்தார். 1908இல் வெளியான அவருடைய நூலில் அது இடம்பெற்றது.

அதைவிடப் பெரிய வியப்பு, மத்திய மலைநாட்டின் தென்சரிவில் சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்பட்ட காலத்தில் வெளிப்பட்டது. தொல்லியலாளர் கில் ஜூலெஃப், மேற்கு நோக்கிய குன்றுச் சரிவுகளில் 70க்கும் மேற்பட்ட உலைக் களங்களைக் கண்டார். துருத்திக்கான அடையாளமே அங்கு இல்லை. ஜூன் முதல் வீசும் தென்மேற்குப் பருவக்காற்றே அந்த உலைகளின் துருத்தி. நீண்ட முன்சுவரின் மேல்விளிம்பைக் காற்று வேகமாகக் கடக்கும்போது அதன் பின்னால் அமுக்கம் குறைகிறது. அந்தக் குறைவு, சுவரின் அடியில் வரிசையாகப் பதித்த மண்குழாய்கள் வழியே காற்றை உலைக்குள் இழுக்கிறது. ஜூலெஃப் அதே இடத்தில் அதே விதமாக உலைகள் கட்டி, பருவக்காற்றில் உருக்கிப் பார்த்தார். காபன் மிகுந்த உருக்கே கிடைத்தது. 1996 ஜனவரியில் 'நேச்சர்' இதழ் அதை வெளியிட்டது. கி.பி. முதல் ஆயிரமாண்டில் அங்கு பெரிய தொழிலாகவே அது நடந்திருக்கிறது.

இவ்வளவு இருந்தும், நம் பாடசாலைப் பிள்ளை பரீட்சைக்காக மார்ட்டென்சைட்டை மனனம் செய்கிறது. தோட்டத்துக்குக் கத்தி அடித்துக் கொடுத்த ஆசாரியோ அந்தச் சொல்லைக் கேள்விப்படாமலே அதை ஆயிரம் முறை உண்டாக்கியிருக்கிறார். இருவரும் சந்திப்பதற்கு ஓர் இடம் வேண்டும். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு பாடசாலை மைதானத்தில், ஒரு சனி ஞாயிறில், இரண்டு உலைகளை மூட்டினால் போதும். லொறி வில்லு, கரி, எண்ணெய் வாளி, காந்தம், அரம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. இதற்கு மேல் செலவில்லை. நாகம் பூசிய குழாய்களை மட்டும் தீயில் போடக் கூடாது. அதன் புகை நஞ்சு. ஆசாரி அடித்துக் காட்டட்டும். விஞ்ஞான ஆசிரியர் நிறத்தையும் வெப்பநிலையையும் எழுதிவைக்கட்டும். பிள்ளைகள் அரத்தால் கடினத்தைச் சோதிக்கட்டும். முடிந்த கத்தியைக் கவ்வாத்து வெட்டும் தொழிலாளியிடம் கொடுத்து, ஒரு தேயிலை மலையில் ஒரு நாள் பயன்படுத்தச் சொல்வோம். மாலையில் அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பையும் நிறக் குறிப்புகளோடு சேர்த்து எழுதிவைத்தால், மலையகத்தின் முதல் உருக்குக் கையேடு அங்கிருந்தே தொடங்கிவிடும்.