இந்த ஆராய்ச்சிக்குப் படியளப்பவர் யார்?

எலிக்குட்டி பிறந்த 25ஆம் நாள் அதற்குப் பதின்வயது தொடங்குகிறது என்பது எங்கள் ஆய்வகக் கணக்கு. 55ஆம் நாள் வாக்கில் அந்தப் பருவம் முடிந்துவிடும். இடையில் உள்ள அந்த ஒரு மாதத்தில் இரண்டு நாள் மது, இரண்டு நாள் ஓய்வு என்று மாற்றி மாற்றிக் கொடுப்போம். வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு வார இறுதியில் மூச்சுமுட்டக் குடிக்கும் பிள்ளைகளின் பழக்கத்தை ஒட்டி அமைந்த முறை இது. காலையில் ஒவ்வோர் எலியையும் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்வேன். கிலோவுக்கு 5 கிராம் மது என்பது அளவு. நூறு கிராம் எலிக்கு அரை கிராம். அதைத் தண்ணீரில் கலந்து, நுனியில் சின்ன உருண்டை வைத்த வளைந்த எஃகுக் குழாய் வழியாக நேரே இரைப்பைக்குள் இறக்க வேண்டும். உருண்டை இருப்பதால் தொண்டையில் குத்தாது. ஆனால் எலியைப் பிடித்திருக்கும் கை பதறக் கூடாது. பக்கத்துக் கூண்டு எலிகளுக்கும் அதே குழாய், அதே அளவுதான். உள்ளே போவது மட்டும் வெறும் தண்ணீர்.

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில். திருநெல்வேலியில் விலங்கியல் படித்துவிட்டு வந்தவள். ஊருக்குப் போயிருந்தபோது அம்மா கேட்டாள்: “எலிக்குச் சாராயம் ஊத்தவா இவ்ளோ தூரம் போன? அதுக்குச் சர்க்காரு துட்டு வேற தருதா?” நியாயமான கேள்வி. வரி கட்டுகிற எவருக்கும் இதைக் கேட்க உரிமை உண்டு.

ஆம், அரசுதான் தருகிறது. மது தொடர்பான ஆராய்ச்சிக்கென்றே அமெரிக்காவில் ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. அயோவா மாநிலத்தின் செனட்டர் ஹெரால்டு ஹியூஸ் குடிநோயிலிருந்து மீண்டவர். அதை ஊரறியச் சொன்னவர். குடியை ஒழுக்கக் கேடாகப் பார்க்காமல் நோயாகப் பார்க்க வேண்டும் என்று அவர் போராடிக் கொண்டுவந்த சட்டத்தில் 1970ஆம் ஆண்டின் கடைசி நாளில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தில் பிறந்ததே இந்த நிறுவனம். 2010இல் அது ‘நாடியா’ என்ற கூட்டமைப்புக்கு நிதி கொடுக்கத் தொடங்கியது. பதின்வயதில் குடித்த மூளை, வளர்ந்த பிறகு என்ன ஆகிறது என்ற ஒரே கேள்வியைப் பல பல்கலைக்கழகங்கள் பங்குபோட்டுக்கொண்டு ஆராய்கின்றன. நான் மேலே சொன்ன முறையில்தான் பெரும்பாலான சோதனைகள் நடக்கின்றன.

இந்தக் கேள்வியின் கஷ்டமே காத்திருப்பதில் இருக்கிறது. 55ஆம் நாளோடு மதுவை நிறுத்திவிடுவோம். எலி நன்றாக வளரும் வரை, 80 நாள் தாண்டும் வரை, அதை ஒன்றும் செய்வதில்லை. தீனி, தண்ணீர், புதுப் படுக்கை, விளக்கு, கால்நடை மருத்துவரின் பார்வை எல்லாம் நடந்தபடி இருக்கும். இங்கே கூண்டு ஒன்றுக்கு நாள் வாடகை உண்டு. பல்கலைக்கழகத்தின் விலங்குக் கூடம் மாதம் பிறந்தால் ரசீது அனுப்பிவிடும். தாளில் எழுதிக்காட்ட ஒரு முடிவும் இல்லாத அந்த வாரங்களுக்குத்தான் செலவு அதிகம். அவசரக்காரர் பணத்தில் இந்த ஆராய்ச்சியைச் செய்யவே முடியாது.

காத்திருந்ததில் தெரிந்தது என்ன? ஒரு வட்ட மேசை. ஓரத்தைச் சுற்றி ஓட்டைகள். அவற்றில் ஒன்றின் அடியில் மட்டும் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி. வெளிச்சத்துக்கு அஞ்சும் எலி சில நாளில் சரியான ஓட்டையைக் கற்றுக்கொள்கிறது. இளமையில் குடித்த எலியும் இதில் சளைக்கவில்லை. பிறகு பெட்டியை வேறோர் ஓட்டைக்கு மாற்றுகிறார்கள். தண்ணீர் குடித்து வளர்ந்த எலி கொஞ்சம் தடுமாறிவிட்டுப் புது வழிக்கு வந்துவிடுகிறது. மது குடித்து வளர்ந்ததோ பழைய ஓட்டையையே திரும்பத் திரும்ப முகர்கிறது. குடியை நிறுத்தி வெகுநாள் ஆன பிறகும் இப்படித்தான். படித்ததை மாற்றிக்கொள்ளும் திறன்தான் அடிபடுகிறது என்பது எனக்குக் கிலியூட்டும் செய்தி. பரீட்சையில் மதிப்பெண் குறையாத பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பெற்றோர் நினைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. வளர்ந்த எலியைத் தள்ளாடவைத்துத் தூங்கச் செய்யும் அளவு மதுவை இளம் எலி தாங்கிக்கொண்டு நடமாடும். லிண்டா ஸ்பியர் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் உழைத்துக் காட்டியது இது. ‘போதும்’ என்று சொல்ல வேண்டிய உடம்பு அந்த வயதில் வாய்திறப்பதில்லை. ‘என் பையனுக்கு ஏறவே ஏறாது’ என்று பெருமையாகச் சொல்லப்படும் இடங்களில் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நல்ல செய்தியும் வந்தது. நினைவுக்கும் கவனத்துக்கும் உதவும் ஒரு வகை நரம்பணுக்கள் இந்த எலிகளில் குறைந்திருந்தன. செத்துவிட்டன என்றே முதலில் எண்ணினார்கள். வட கரோலினாவின் ஃபுல்டன் க்ரூஸ் குழுவினர் பின்னர் எலிகளை ஓட்டச் சக்கரத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். அந்த அணுக்கள் மறுபடி கண்ணுக்குத் தெரிந்தன. அல்சைமர் நோய்க்குத் தரும் கலான்டமின் மருந்தும் சில பாதிப்புகளைத் திருப்பியது. சிகாகோவில் சுபாஷ் பாண்டேயின் குழு 2022இல், மரபணு வேலை செய்யும் விதத்தை ஓர் இடத்தில் திருத்தி, அப்படி வளர்ந்த எலிகளின் பதற்றத்தையும் குடி நாட்டத்தையும் குறைத்துக் காட்டியது. நிதி தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு! முதல் தவணையோடு பணத்தை நிறுத்தியிருந்தால், பாதிப்பு இருக்கிறது என்பதோடு கதை முடிந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு மது கொடுத்துச் சோதிக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. அதனால் மனிதரில் ஒரே வழி, குடிக்கத் தொடங்கும் முன்பே அவர்களைப் பிடித்து ஆண்டுதோறும் பின்தொடர்வது. ‘என்கண்டா’ என்ற திட்டம் ஐந்து ஊர்களில் 12 முதல் 21 வயது வரை உள்ள 831 பேரைச் சேர்த்தது. மிகுதியாகக் குடிக்கத் தொடங்கியவர்களுக்கு மூளையின் முன்பகுதியில் சாம்பல் நிறப் பொருள் வயதுக்கு மீறிய வேகத்தில் குறைகிறது என்று 2018இல் தெரிவித்தார்கள்.

அதே 2018இல் நடந்த ஒன்றை இந்தத் துறையில் இருக்கும் எவரும் மறக்கக் கூடாது. தினம் ஒரு கோப்பை மது இதயத்துக்கு நல்லதா என்று 7,800 பேரிடம் சோதிக்கும் பத்துக் கோடி டாலர் திட்டம் அது. பணத்தில் பெரும்பகுதியைத் தருவதாக இருந்தவை பெரிய மது நிறுவனங்கள். அந்தப் பணத்தைத் தேடிப்போனவர்கள் எங்கள் தேசிய நிறுவனத்தின் ஆட்களே என்று விசாரணையில் தெரிந்ததும், ஜூன் மாதம் திட்டத்தையே மூடினார்கள். மூடியது சரி. விற்பவன் காசில் நடக்கும் ஆய்வு எத்தனை நேர்மையாக இருந்தாலும் அதை எந்தத் தாய் நம்புவாள்?

அரசுப் பணமும் எளிதில் கிடைப்பதில்லை. விண்ணப்பங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குத்தான் நிதி. 2025 பிப்ரவரியில், மின்சாரம், கட்டடம், கழிவகற்றல் போன்ற மறைமுகச் செலவுகளுக்கு 15 சதவீதத்துக்கு மேல் தர மாட்டோம் என்று அறிவித்தார்கள், நீதிமன்றம் தடுத்தது. கூண்டு வாடகை கட்டுகிறவளுக்கு அந்தச் செலவுகள் மறைமுகமானவை அல்ல. மது ஆராய்ச்சி நிறுவனத்தைப் போதைப்பொருள், மனநல நிறுவனங்களோடு இணைத்துவிடும் யோசனையும் அதே ஆண்டு பட்ஜெட்டில் வந்தது. ஹியூஸ் போராடித் தனியாக நிறுத்தியதை மறுபடி கூட்டத்தில் கரைப்பதாகவே எனக்குப் படுகிறது.

நம் நாட்டிலும் ஒரு நல்ல தொடக்கம் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸின் விவேக் பெனகல் முன்னின்று நடத்திய ‘சிவேதா’ ஆய்வில் 6 முதல் 23 வயது வரையுள்ள ஆயிரக்கணக்கானோர் ஏழு மையங்களில் சேர்க்கப்பட்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் நிதி தந்தன. சேர்ப்பது முதல் படி. அதே பிள்ளைகளை முப்பது வயதிலும் கூப்பிட்டு உட்காரவைக்க ஒருவர் சம்பளம் வாங்க வேண்டும்.

அமெரிக்காவின் அந்த 831 பேரில் 12 வயதில் வந்தவர்கள் இப்போது இருபதுகளின் நடுவில் இருக்கிறார்கள். மூத்தவர்கள் முப்பதைத் தாண்டிவிட்டார்கள். பலர் குடியைக் குறைத்திருப்பார்கள், சிலர் விட்டிருப்பார்கள். விட்டவர்களின் மூளை சரியாகிறதா என்பதை எங்கள் எலிகளால் சொல்ல முடியாது. அதற்கு இவர்களை மறுபடி ஸ்கேனுக்கு அழைக்க வேண்டும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, அந்தப் பணத்தையாவது நிறுத்தாமல் தரச் சொல்லு என்றாள்.