பலகை போடும் குட்டிக்கரணம்

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு போட்டி நடந்தது. பிரிட்டனுக்காகக் களம் இறங்கிய ஆண்டி மெக்டொனால்டுக்கு அப்போது வயது 51. பெண்கள் பிரிவில் சீனாவுக்காக ஆடிய செங் ஹவ்ஹவ் என்ற சிறுமிக்கு வயது 11!

மெக்டொனால்டு இளமையிலிருந்தே பலகை மேல் நின்று பழகியவர். ஆனால் ஒருவர் நாற்பதிலோ ஐம்பதிலோ கடினமான புது வித்தை ஒன்றைக் கற்க முடியுமா? அதிலும், பலகையைக் காற்றில் புரட்டிப் போடும் 'ஃபிளிப்' வித்தையை? "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வியை இயற்பியலிடம் கொண்டு போவோம்.

பலகையின் நீளம் சுமார் 80 செ.மீ.; அகலம் 20 செ.மீ. அடியில் நான்கு சக்கரங்கள். மேற்புறத்தில் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பான தாள். ஆட்டக்காரர் பலகையின் பின்முனையைப் பின்காலால் தரையில் 'டக்'கென்று அடிக்கிறார். முன்முனை எழும்புகிறது. அதே கணத்தில் அவரும் துள்ளுகிறார். முன்கால் பலகை மேல் உராய்ந்தபடி முன்னே சென்று, அதன் ஓரத்தைச் சுண்டிவிடுகிறது. பலகை நீளவாட்டில் ஒரு முறை உருள்கிறது. சொரசொரப்பான பக்கம் மீண்டும் மேலே வந்ததும் இரு கால்களாலும் அதைப் பிடித்துத் தரை இறங்க வேண்டும். இதன் பெயர் கிக்ஃபிளிப். 1980களின் தொடக்கத்தில் இதை உருவாக்கியவர் ராட்னி மல்லன் என்ற அமெரிக்க இளைஞர்.

வயது ஏற ஏற, வேகமாகச் சுருங்கும் தசைநார்கள் மெலிகின்றன; துள்ளும் உயரம் குறைகிறது. ஒரு காலத்தில் 40 செ.மீ. துள்ளியவர் இப்போது 20 செ.மீ.தான் துள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உயரம் பாதியானால் காற்றில் இருக்கும் நேரமும் பாதியாகிவிடுமா? தடையின்றி விழும் பொருள் கடக்கும் தூரம், நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 செ.மீ. துள்ளினால், ஏறி இறங்க 0.57 விநாடி. 20 செ.மீ. துள்ளினால் 0.40 விநாடி. பாதி உயரம் போயும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை!

அந்த 0.40 விநாடிக்குள் பலகையை ஒரு சுற்று உருட்டப் பெரும் பலம் தேவையா? ஓர் அடிக்கோலை எடுத்து விரல்களுக்கிடையே நீளவாட்டில் உருட்டுங்கள். பிறகு நடுவில் பிடித்து, முனைகள் சுழலும்படி விசிறி போலத் திருப்புங்கள். முதலாவது எவ்வளவு எளிது! பொருளின் நிறை, சுழலும் அச்சை ஒட்டியிருந்தால் நிலைமத் திருப்புத்திறன் குறைவு, விலகியிருந்தால் அதிகம். கிக்ஃபிளிப்பில் பலகை தன் நீள அச்சைச் சுற்றி உருள்கிறது. ஆகவே கால்விரல் நுனியின் ஒரு சுண்டு போதும். பலகையை விசிறி போல ஒரு முழுச் சுற்றும், நீளவாட்டில் ஒரு சுற்றும் சேர்த்துச் சுழற்றும் '360 ஃபிளிப்' இதைவிடக் கடினமானது.

பலம் தடையில்லை என்றால் தடை எது? கணிப்பு. அடி, துள்ளல், சுண்டு ஆகிய மூன்றும் நொடியின் சிறு பின்னத்துக்குள் வரிசை தவறாமல் நடக்க வேண்டும். நினைத்து நினைத்துச் செய்ய நேரம் கிடையாது. தவறிய ஒவ்வொரு முயற்சியையும் கொண்டு சிறுமூளை அசைவுகளைத் திருத்திக்கொள்கிறது. முதிய மூளைக்கும் இது இயலுமா? ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆய்வாளர்கள் சராசரியாக 60 வயதானவர்களுக்கு மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் பயிற்சி தந்தார்கள். 2008இல் முடிவுகள் வெளியாயின. கற்றுக்கொண்டவர்களின் மூளையில், அசையும் பொருள்களைக் கண்டறியும் பகுதியில் சாம்பல் நிறப் பொருள் கூடியிருந்தது. ஆனால் இருபது வயதினரின் திறமையை அவர்கள் எட்டவில்லை. வளைகிறது, மெதுவாக வளைகிறது.

உண்மையான சிக்கல் விழுவதில் இருக்கிறது. நீங்கள் கையூன்றி விழுந்தால் தூசியைத் தட்டிவிட்டு எழுவீர்கள். ஐம்பது வயதுக்காரருக்கு மணிக்கட்டு முறியலாம். எலும்பு கூடவும் நாளாகும். இதை அறிந்த மனம் கடைசிக் கணத்தில் ஒரு காலைப் பின்வாங்கச் செய்கிறது. ஒரு கால் பலகை மேல், மறு கால் தரையில்! பலகை நழுவ, கால்கள் அகல விரிந்து அவர் விழுகிறார். இரு கால்களையும் துணிந்து வைப்பதைவிட இந்த அரைத் துணிவே பல நேரங்களில் ஆபத்தானது. அதனால்தான் தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் அணிந்து, சக்கரம் உருளாத புல்தரையில் தொடங்குவது நல்லது. நடுநடுவே ஓய்வு நாள்களும் வேண்டும்.

பிறகு ஓடும் பலகைக்கு வரலாம். துள்ளியதும் பலகை முன்னே ஓடிவிடாதோ என்று பலருக்கும் பயம். ஓடாது. நியூட்டனின் முதல் விதிப்படி ஆளும் பலகையும் காற்றில் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் முன்னேறுகிறார்கள். நின்றாலும் ஓடினாலும் கணக்கு ஒன்றே. விழுந்தால் சிராய்ப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல்.