ஊர்ச் செய்தியாளரின் அச்சம்

ஆபத்துக்கு நடுவே இதழியல் என்றதும் இன்று நம் மனம் காஸாவை நோக்கியே செல்கிறது. 2023 அக்டோபர் 25 அன்று இஸ்ரேலியத் தாக்குதலில் மனைவி, மகன், மகள், பேரக்குழந்தை ஆகியோரை இழந்த அல்ஜஸீரா செய்தியாளர் வாஇல் தஹ்தூஹ், விரைவிலேயே மீண்டும் கேமராவின் முன் நின்றார். உலகம் அவருடைய மன உறுதியை வியந்தது. அவ்வுறுதியின் உள்ளே என்ன நிகழ்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தோர் சிலரே.

ஆயினும், அச்சத்தோடு செய்தி எழுதுவோர் போர்க்களங்களில் மட்டும் இல்லை. திருத்தணியை எடுத்துக்கொள்வோம். 1960இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்த இம்மலைக்கோயில் நகரிலிருந்து நகரி வழியே திருப்பதிக்குச் சாலை செல்கிறது. அதற்கும் அப்பாலுள்ள சேஷாசலம் காட்டில்தான் 2015 ஏப்ரல் 7 அன்று, செம்மரம் வெட்ட வந்தோர் எனக் கூறப்பட்டு, தமிழகத் தொழிலாளர் 20 பேர் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். இத்தகைய எல்லையூர்களில் ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டத்தைப் பற்றி எழுதுபவரே சாலை விபத்தில் சிதைந்த உடல்களையும் போய்ப் பார்க்க வேண்டும். கடத்தலைப் பற்றியும் எழுத வேண்டும். போர்ச் செய்தியாளர் களத்தை விட்டு ஊர் திரும்புவார். இவருக்கோ களமே சொந்த ஊர். யாரைப் பற்றி எழுதினாரோ அவரையே மறுநாள் தேநீர்க் கடையில் சந்திக்க நேரும். இவர்களுள் பலருக்கு மாதச் சம்பளமும் கிடையாது. அனுப்பும் செய்திக்கு ஏற்ற சன்மானம்தான்.

2024 ஜனவரி 24 இரவு, பல்லடம் அருகே நியூஸ் 7 தமிழ் தொலைக்காட்சிச் செய்தியாளர் நேசபிரபு அரிவாளால் வெட்டப்பட்டார். மர்ம நபர்கள் தம்மை நோட்டமிடுவதாக அவர் முன்னதாகவே காவல்துறைக்குத் தொலைபேசியில் பலமுறை தெரிவித்திருந்தார். அந்த அழைப்பின் ஒலிப்பதிவைத் தமிழகமே கேட்டது. அவர் உயிர் பிழைத்தார். 2020 நவம்பரில் குன்றத்தூர் அருகே வெட்டப்பட்ட தமிழன் தொலைக்காட்சியின் மோசஸுக்கு அதுவும் வாய்க்கவில்லை. வெட்டுக்காயத்துக்குத் தையல் உண்டு. உதவி வரும் வரும் என்று காத்திருந்த நேரத்திற்கு என்ன மருந்து?

டொராண்டோ மனநல மருத்துவர் அந்தோணி ஃபைன்ஸ்டைன் 2002இல் வெளியிட்ட ஆய்வில், நேர்காணப்பட்ட போர்ச் செய்தியாளருள் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் வாழ்வின் ஏதோவொரு கட்டத்தில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்க்கு ஆளாகியிருந்தனர். கண்ட காட்சி அழைக்காமலே திரும்பி வரும், உறக்கம் கெடும், சிறு ஓசைக்கும் உடல் திடுக்கிடும், வீட்டாரிடம் காரணமற்ற சினம் எழும். இவ்வளவுக்கும், போர் காணாத செய்தியாளரைவிட இவர்கள் அதிகமாகச் சிகிச்சை நாடியிருக்கவில்லை. அஞ்சுபவன் இத்தொழிலுக்கு ஆகான் என்ற எண்ணமே தடுத்தது போலும். அந்த எண்ணம் நம் செய்தி அலுவலகங்களிலும் உண்டு. விபத்துக் களத்திலிருந்து அழைப்பவரிடம் படம் வந்ததா என்று கேட்பார்கள்; உறங்கினாயா என்று கேட்பதில்லை.

இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவியை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஊர்ச் செய்தியாளருக்கு வழங்கும் அடையாள அட்டையின் பின்புறத்தில் இவ்வெண்ணையும், நள்ளிரவிலும் எடுத்துப் பேசக்கூடிய ஆசிரியர் ஒருவரின் எண்ணையும் அச்சிட எந்த நிறுவனத்திற்கும் பெருஞ்செலவு ஆகிவிடாது.