நூரும் முஹன்னதும் வீட்டுக்குள் வந்தபோது



2008ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் இரவு. ரமலான் பிறக்க ஓரிரு நாட்களே எஞ்சியிருந்தன. அரபு நாடுகளின் இல்லங்களில் பெண்கள் வேலைகளை முன்னதாகவே முடித்துவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தார்கள். 'நூர்' என்னும் தொடர் அன்று நிறைவுபெற இருந்தது. எட்டரைக் கோடிப் பேர் அதனைக் கண்டார்கள் என்று, ஒளிபரப்பிய எம்.பி.சி. நிறுவனமே பின்னர் ஒரு கணக்கை வெளியிட்டது. வியாபாரி தன் சரக்கைத் தானே நிறுத்துச் சொன்ன எடை அது; சற்றுக் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் எஞ்சுவது பெருந்தொகைதான்.

இத்தனைக்கும் அது அரபு நாட்டுக் கதையன்று. துருக்கியில் 2005 முதல் 2007 வரை 'குமூஷ்' என்ற பெயரில் வந்த தொடர். குமூஷ் என்றால் வெள்ளி. பிறந்த மண்ணில் அது இவ்வளவு பெரிய ஆரவாரத்தை எழுப்பவில்லை. இஸ்தான்பூலின் செல்வக் குடும்பம் ஒன்றில், காதலியை இழந்து துயரத்தில் மூழ்கிய பேரனுக்குப் பாட்டனார் ஓர் எளிய வீட்டுப் பெண்ணை மணமுடித்து வைக்கிறார். விருப்பமின்றி மணந்தவன் மெல்ல மெல்ல மனைவியை நேசிக்கத் தொடங்குகிறான். ஆடை வடிவமைப்பில் அவளுக்கிருந்த திறமையைக் கண்டு, அத்துறையில் அவள் முன்னேறத் துணை நிற்கிறான். அரபு வடிவத்தில் அவன் பெயர் முஹன்னத், அவள் நூர்.

வரவேற்புக்கு மொழியும் ஒரு காரணம். 1990களில் மெக்சிகோ நாட்டுத் தொடர்கள் அரபு நாடுகளுக்கு வந்தபோது, பாத்திரங்கள் அனைவரும் இலக்கண சுத்தமான அரபியில் பேசினார்கள். காதலனும் காதலியும் மேடைப் பிரசங்கம் போல உரையாடினால் கேட்பவர்க்கு எப்படி இருக்கும்? பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள தொலைவைத் தமிழர்களாகிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 'நூர்' தொடருக்கோ சிரியா நாட்டுப் பேச்சுவழக்கில் குரல் கொடுத்தார்கள். ஆகவே முஹன்னத் அடுத்த வீட்டு மருமகனைப் போலப் பேசினான். அவன் நோன்பு நோற்கிற வீட்டுப் பிள்ளை. பாட்டனார் சொல்லுக்குக் கட்டுப்படுகிறவன். 'இவன் நம்மவன்' என்ற எண்ணம் பார்ப்பவர் மனத்தில் வேரூன்றியது.

வேரூன்றிய இடத்தில்தான் சிக்கலும் எழுந்தது. அதே வீட்டு உணவு மேசையில் மதுக்கோப்பையும் இருந்தது. திருமணத்துக்கு முந்திய உறவும் அதன் விளைவுகளும் கதையில் சர்வ சாதாரணமாக வந்துபோயின. 2008 ஜூலையில் சவூதி அரேபியாவின் தலைமை முஃப்தி ஷெய்க் அப்துல் அஸீஸ் ஆலுஷ் ஷெய்க், இத்தகைய தொடர்களைப் பார்ப்பது கூடாதென்றும், இவற்றை ஒளிபரப்பும் நிலையங்கள் அல்லாஹ்வுக்கும் அவன் தூதருக்கும் எதிரானவை என்றும் அறிவித்தார். ஒளிபரப்பிய நிறுவனமோ சவூதி நாட்டவருக்கே உரியது! ஃபத்வா வெளிவந்து ஒரு மாதத்துக்குப் பின்னரே நாம் முதலில் கண்ட அந்த இறுதி இரவு வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உலமாக்களின் கவலை பொருளற்றது என்று கூற நமக்குத் துணிவில்லை. வேற்று நாட்டு, வேற்று மதக் கதையில் மது வந்தால் 'அது அவர்கள் வழக்கம்' என்று பிள்ளை ஒதுக்கிவிடும். நோன்பு வைக்கிற வீட்டு மேசையில் வந்தால் அப்படி ஒதுக்குமா? ஆனால் இல்லங்களில் நடந்த வாக்குவாதம் மதுவைப் பற்றியதன்று. கணவரைப் பற்றியது. 'முஹன்னத் மனைவிக்குப் பூ வாங்கி வருகிறான். அவள் தொழிலைப் பற்றி விசாரிக்கிறான். தவறு செய்தால் மன்னிப்புக் கேட்கிறான். நீங்கள்?' இக்கேள்வியைக் கேட்ட மனைவியர் பலர். அவன் படத்தைக் கைப்பேசியில் வைத்திருந்ததால் மணவிலக்கு வரை சென்ற குடும்பங்களைப் பற்றியும் அந்நாளைய ஏடுகள் எழுதின. முஹன்னதின் படத்தோடு முகச் சீரமைப்பு மருத்துவரைத் தேடிச் செல்லும் கணவனைக் கேலிச்சித்திரமாகவும் வரைந்தார்கள்.

வரைந்தவர் பாதி உண்மையைத்தான் கண்டார் என்பது நம் கருத்து. நடித்த கிவான்ச் தாத்லீத்து முன்னாள் விளம்பர அழகர்; அதை மறைப்பானேன்? ஆனால் நீலக் கண்களுக்காக மட்டும் பல மாதங்கள் ஒரு தொடரை எவரும் பார்க்கமாட்டார். பெண்கள் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டது அவன் பேச்சை. மனைவியை அவன் நடத்திய பாங்கை. பெருமானார் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியை நாம் எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்! அதைக் கேட்ட அதே ஆண்கள், மனைவியோடு பரிவாகப் பேசுபவனைத் திரையில் கண்டதும் 'இது துருக்கி நாகரிகம்' என்று சினந்தது வேடிக்கையல்லவா?

ஃபத்வாவுக்குப் பின்னரும் துருக்கித் தொடர்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. 2018 மார்ச்சில் எம்.பி.சி. அவற்றை ஒரேயடியாக நிறுத்தியது. துருக்கியோடு வளைகுடா அரசுகளின் உறவு கசந்திருந்த காலம் அது.

நூரின் கதையில் பெண்கள் ஆண்களை எடைபோட்டார்கள். தராசு மறுபுறம் சாய்ந்த கதையும் உண்டு. பாகிஸ்தானின் ஏ.ஆர்.ஒய். தொலைக்காட்சியில் 2019 ஆகஸ்ட் முதல் வந்த 'மேரே பாஸ் தும் ஹோ' தொடரில், நேர்மையான அரசு ஊழியன் தானிஷை விட்டு அவன் மனைவி மெஹ்விஷ், செல்வந்தன் ஷெஹ்வாருடன் செல்கிறாள். சிறுமகன் தந்தையிடம் தங்கிவிடுகிறான். தானிஷ் தன் மனைவியை அற்பக் காசுக்கும் பெறாதவள் என்ற பொருளில் ஷெஹ்வாரிடம் இகழும் காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. ஆண்கள் பலர் அதை நகைப்போடு எடுத்தாண்டார்கள். பெண்கள் பலர் கொதித்தார்கள். குற்றத்தில் இருவருக்கும் பங்கிருக்க, அந்த வசைமொழி ஒருத்தியின் பெயரோடு மட்டும் ஒட்டிக்கொண்டது ஏன் என்று கேட்டார்கள்.

இறுதிப் பகுதி பெண்களை இழிவுபடுத்துகிறது, அதனைத் தடை செய்ய வேண்டும் என்று லாகூர் நீதிமன்றத்தில் மனுவும் தாக்கலாயிற்று. ஆயினும் 2020 ஜனவரி 25 அன்று திட்டமிட்டபடி அது ஒளிபரப்பானது, திரையரங்குகளிலும் காட்டப்பட்டது. மெஹ்விஷ் மனம் வருந்தி நிற்கிறாள். தானிஷ் மாரடைப்பால் இறக்கிறான். கண்ணீர் விட்டவர்கள் திரையரங்கை விட்டு வெளியே வந்ததும் தொடங்கிய வாதம், தானிஷ் இறந்தது நியாயமா என்பதோடு அடங்கவில்லை. மனைவி திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டால் கணவன் ஏற்க வேண்டுமா? திரும்பி வந்தவன் கணவனாக இருந்தால், அதே கேள்வியை மனைவியிடம் யாரேனும் கேட்டிருப்பார்களா?