சொல்லை மாற்றினால் மட்டும் போதாது

உளுந்தூர்பேட்டை மாணவி ஒருவர் கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிகளைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர்களின் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தார்கள் என்ற மரபுக்கதை ஓர் இணையதளத்தில் கிடைக்கிறது. சொற்களை மாற்றி, வாக்கியங்களை முன்பின்னாகப் புரட்டிச் சேர்த்துவிடுகிறார். வரிக்கு வரி எடுக்கவில்லையே, பிறகு எதற்குச் சான்று என்பது பலருடைய கணக்கு. தப்புக் கணக்கு. மேற்கோள் குறி பிறர் சொற்களுக்கு. சான்று பிறர் கருத்துக்கும் சேர்த்து.

அந்த இணையக் கட்டுரையே, எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூலிலிருந்து வந்திருக்கலாம். அதற்காக, தர்ஸ்டனைத் திறந்தே பார்க்காமல் அவர் பெயரைப் போடுவதும் நேர்மையல்ல. இன்னார் கட்டுரை வழியாக தர்ஸ்டன் என்று எழுதுங்கள். நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மூலத்தைப் படித்துவிடுவது அதைவிட நல்லது. காப்புரிமைக் காலம் முடிந்த நூலுக்கும் பெயர் சொல்லியாக வேண்டும்.

இணையச் சான்றில் எழுதியவர், ஆண்டு, தலைப்பு, தளம், முகவரி இருக்கட்டும். விக்கிப்பீடியா போல மாறிக்கொண்டே இருக்கும் பக்கம் என்றால் பார்த்த தேதியும் வேண்டும். ‘கூகுள்’ என்று மட்டும் எழுதுவது நூலின் பெயரைச் சொல்லாமல் நூலகத்தின் பெயரைச் சொல்வதுதான்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 40 வரை போனால், அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைத் தர முடியாது. அதற்கும் மேலே பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பிறகு எழுத்துத் திருட்டு நிரூபணமானாலும் பட்டம் நிறுத்திவைக்கப்படும். இந்த எண்ணைக் காட்டித்தான் ‘சதவீதம் குறைத்துத் தருகிறோம்’ என்று சில கடைக்காரர்கள் பணம் வாங்குகிறார்கள். ஒப்புமையைச் சோதிக்கும் மென்பொருள் சொற்களைத்தான் அளக்கிறது. எண் குறைந்தாலும் கடன் வாங்கிய கருத்து அங்கேயே கிடக்கிறது. சொந்தமாக எழுதியது என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவது கடைக்காரர் அல்ல, நீங்கள்.

மென்பொருள் அறிக்கையில் எண் ஏறியதாலேயே குற்றம் நிரூபணமாகிவிடாது. முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்கள், நூற்பட்டியல், சட்டப் பிரிவுகள் ஒப்புமைக் கணக்கில் சேராது. தற்செயலாகத் தொடர்ந்து ஒத்துப்போகும் 14 சொற்கள் வரைக்கும் விலக்கு உண்டு. புகாரைத் துறைக் குழு விசாரித்து 45 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். பிறகு நிறுவனக் குழு. இரண்டிலும் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும். மேல்முறையீட்டு வழிகள் முடியும் முன் தண்டனை கூடாது. மென்பொருள் அறிக்கையின் முழுப் பிரதியை எழுத்தில் கேளுங்கள். பழைய வரைவுகளையும் குறிப்பேட்டையும் விசாரணைக்குக் கையோடு கொண்டு போங்கள்.